முனையை மாற்றினால் அம்பு வலப்பக்கம் ஒதுங்குகிறது

கேள்வி (அஸ்தம்பட்டி): 40 பவுண்டு இழுவிசை ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்தது), 500 ஸ்பைன் (தண்டு எவ்வளவு வளையும் என்ற எண்) கார்பன் அம்பு, வலது கைக்காரன். 100 கிரெய்ன் (முனையின் எடை அளவு) முனையில் ஒரே இடத்தில் விழுந்த அம்பெல்லாம், அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகும் மச்சான் கொடுத்த 125 கிரெய்ன் முனையை மாட்டியதும் வலப்பக்கம் ஒதுங்குகிறது. கை பிசகா, அம்பா?

பதில் (ஏற்காடு): அம்புதான் நண்பரே. முனை கனத்தால், நாண் தள்ளும்போது தண்டு கூடுதலாக வளையும், வலது கைக்காரருக்கு அது வலப்பக்கம் ஒதுங்கும். ஸ்பைன் எண் ஏற ஏற விறைப்பு குறைவு. 500 என்றால் 28 அங்குல இடைவெளியில் தாங்கி நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் அரை அங்குலம் தொய்யும். 400 வாங்குங்கள், இல்லையென்றால் தண்டைக் கால் கால் அங்குலமாகக் குறைத்து வெட்டிப் பாருங்கள், விறைக்கும். நீங்கள் நாணை இழுக்கும் நீளத்துக்குக் கீழே மட்டும் வேண்டாம், முனை விரலைக் கிழித்துவிடும்.

பதில் (சூரமங்கலம்): வெட்டுமுன் இறகில்லாத அம்பு ஒன்றை எய்யுங்கள். அதுவும் வலப்பக்கம் தள்ளி விழுந்தால் தண்டுக்கு விறைப்பு போதவில்லை என்பது உறுதி. அப்புறம், எல்லாம் பலகையில் மட்டும், நம் மலையில் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கேட்டவர்: எய்தேன், ஒரு சாண் வலப்பக்கம். சரி, 400 வாங்குகிறேன்.