பொதுக் கணினியில் சேமித்த பாஸ்வேர்டைத் திறந்து மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா?

மழைக்குருவி:
இரண்டு மாதமாகியும் மனசிலிருந்து போகவில்லை. அவசரமாக ஒரு படிவம் நிரப்ப பிரவுசிங் சென்டர் போயிருந்தேன். எனக்குக் கூகுள் பாஸ்வேர்ட் ஒன்றுதான் மனப்பாடம், மற்றதெல்லாம் குரோமில் சேமித்தது. அதனால் குரோமிலேயே லாகின் செய்து, சிங்க்கும் (கணக்கில் சேமித்ததை அந்தக் கணினிக்கும் கொண்டுவரும் வசதி) ஆன் செய்து, பாஸ்வேர்ட் பட்டியலைத் திறந்தேன். அந்தக் கணினிக்குப் பாஸ்வேர்டே கிடையாது, கண் படத்தைத் தொட்டதும் கேள்வி கேட்காமல் காட்டிவிட்டது. வேலையை முடித்து பிரிண்டர் பக்கம் போய் நின்றேன். "அண்ணா, இது உங்களுதா?" என்று ஒரு குரல். அடுத்து உட்கார்ந்த பெண் தன் நோட்டை விரித்துத் திரையை மறைத்துப் பிடித்தபடி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். நோட்டுக்கு மேலே என் வங்கியின் பெயர் மட்டும் தெரிந்தது. ஓடிப்போய் மூடினேன்.

தும்பைப்பூ:
எனக்கு நேர்மாறு, நான் அடுத்தவருடையதைப் பார்த்துவிட்டேன். கன்ட்ரோல்+வி அழுத்தப் போய் விண்டோஸ்+வி விழுந்துவிட்டது. எனக்கு முன் இருந்தவர்கள் காப்பி செய்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஒரு மெயில் முகவரி, அதற்கு மேலேயே ஒரு குழந்தையின் பெயரும் நாலு இலக்கமும். பார்த்ததுமே பாஸ்வேர்ட் என்று புரிந்துவிட்டது. 2018-லிருந்து விண்டோஸ் 10-இல் இருக்கும் வசதி இது, ஆன் செய்திருந்தால் 25 வரை சேர்த்து வைக்கும். எல்லாவற்றையும் அழித்தேன். அந்தப் பெயர் மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது.

தச்சன்:
மழைக்குருவி, தப்பு உங்கள் பேரில்தான். குரோமுக்குள் எதற்கு லாகின் செய்தீர்கள்? இன்காக்னிட்டோவில் (மூடியதும் ஹிஸ்டரியைச் சேமித்து வைக்காத விண்டோ) திறந்து, வேண்டிய ஒரே தளத்துக்கு மட்டும் போயிருக்கலாம். சிங்க் ஆன் செய்தால் பாஸ்வேர்ட் மட்டுமா வருகிறது, ஹிஸ்டரி, முகவரி, எக்ஸ்டென்ஷன் எல்லாம் அந்தக் கணினிக்கு இறங்கிவிடும். எனக்கும் ஒருமுறை மெயிலை மூடாமல் வந்த அனுபவம் உண்டு, அது கிடக்கட்டும். பாஸ்வேர்டைப் போனில் பார்த்துக் கையால் அடியுங்கள், காப்பி செய்யாதீர்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) கட்டாயம் வையுங்கள். "இந்தக் கணினியை நம்பவா" என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் கூகுள் கணக்கில் "உங்கள் சாதனங்கள்" பகுதிக்குப் போய், அந்தக் கணினி இன்னும் இருந்தால் வெளியேற்றிவிட்டு, பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

ஈரநிலம்:
தச்சன், இன்காக்னிட்டோவை நம்பி யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். ஒரு நூலகத்தில் கணினி பராமரிப்பு பார்த்தேன். கீபோர்டு வேலை செய்யவில்லை என்று மேசையை இழுத்தால், கீபோர்டு வயருக்கும் யூஎஸ்பி துளைக்கும் நடுவே கட்டைவிரல் நகம் அளவில் ஒரு கறுப்புத் துண்டு. அது கீலாகர், அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் பதிந்து வைக்கும் கருவி. கணினிக்குள் மென்பொருள் எதுவும் போடுவதில்லை, அதனால் ஆன்டிவைரஸ் கண்ணில் படாது. அதைத் திறந்தால் ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல். யாரோ மெயில் முகவரி அடித்து, பாஸ்வேர்டைத் தப்பாக அடித்து, ஐந்து முறை பேக்ஸ்பேஸ் தட்டி, மறுபடி சரியாக அடித்திருந்தது அப்படியே இருந்தது. இன்காக்னிட்டோ என்ன செய்யும்? 2003-இல் நியூயார்க்கில் ஒருவர், நகலெடுக்கும் கடைகளின் பொதுக் கணினிகளில் கீலாகர் மென்பொருள் போட்டு 450-க்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகளும் பயனர் பெயர்களும் எடுத்த குற்றத்தை ஒப்புக்கொண்டார். கையால் அடித்தாலும் அதே கதிதான். எனக்குத் தெரிந்த வழி, முக்கியமான கணக்கைப் பொதுக் கணினியில் திறக்காமலே இருப்பது.

மழைக்குருவி:
தச்சன் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் ஓடிப்போய் மூடியது விண்டோவை மட்டும்தான், லாக் அவுட் செய்யவில்லை. ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது. போனிலிருந்து வெளியேற்றிவிட்டுக் கூகுள் பாஸ்வேர்டை மாற்றினேன். மறுநாள் கடை திறந்ததும் போனால், குரோமின் வலது மூலையில் என் படம் அப்படியே இருந்தது. சேமித்த பட்டியலும் இருந்தது. புரொஃபைலையே அழித்துவிட்டு வந்து, 64 பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக மாற்றினேன், இரண்டு நாள் ஆனது. அந்தப் பெண்ணுக்குப் பிறகு அன்று மாலை அந்த நாற்காலியில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று கடைக்காரரைக் கேட்டேன். அவர் பதிவு நோட்டைப் புரட்டிப் பார்த்து, ஒன்பது பேர் என்றார்.