எம்.ஏ. எகனாமிக்ஸ் புராஜெக்ட்: கை ஸ்கொயர், கேரெட் ரேங்கிங் தாண்டி என்ன சொல்லிக்கொடுப்பது?

புது_லெக்சரர்:
திருப்பூர் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் எடுக்கிறேன். இந்த செமஸ்டர் எம்.ஏ. பிள்ளைகளுக்கு ரிசர்ச் மெத்தடாலஜி, பிபிஏவுக்கு டேலன்ட் மேனேஜ்மென்ட் (திறமையான ஊழியரைச் சேர்த்து, வளர்த்து, தக்கவைப்பது பற்றிய பாடம்), இரண்டும் என் தலையில் விழுந்திருக்கிறது. பழைய புராஜெக்ட்களைப் புரட்டினால் எல்லாம் ஒரே அச்சு. "ஊழியர்களின் பணித் திருப்தி, இன்ன மாவட்டத்தைச் சார்ந்த ஓர் ஆய்வு" என்று தலைப்பு, 120 பேருக்கு கூகுள் ஃபார்ம் (அதில் பாதி பேர் ஹாஸ்டல் நண்பர்கள்), சதவீத அட்டவணை, கை ஸ்கொயர் (இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் டெஸ்ட்), கேரெட் ரேங்கிங் (பதில் சொன்னவர்கள் கொடுத்த வரிசையை மதிப்பெண்ணாக மாற்றும் முறை), கடைசியில் சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்று ஒரு பரிந்துரை. முந்தைய ஆய்வுகள் பகுதி முழுக்க சோத்கங்காவில் (பிஎச்.டி. ஆய்வேடுகள் இருக்கும் இணையதளம்) இருந்து இறக்கியது. இதை மாற்ற எங்கே ஆரம்பிப்பது?

ஓய்வு_பெற்றவர்:
முதல் மாதம் புள்ளியியல் பக்கமே போகாதீர்கள். கேள்வி கேட்கப் பழக்குங்கள், அதுவும் அவர்கள் ஊரைப் பற்றிய கேள்வியாக இருக்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் செய்தது இதைத்தான். மாணவர்களிடம் கேள்விப்பட்டியலைக் கொடுத்து கிராமங்களுக்கு அனுப்பினார், யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று எழுதி வந்தார்கள். 1918-ல் அது புத்தகமாகவே வந்தது. இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம் என்ற அந்த ஊர்களுக்கு 1930களிலும் 1960களிலும் 1980களிலும் ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள், இருவேல்பட்டுக்கு 2008-லும் போனார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய மாணவர் எழுதிய விவரத்தை வைத்து இன்றைக்கு ஒப்பிட முடிகிறது. நம் பிள்ளைகளின் 120 கூகுள் ஃபார்மை அடுத்த வருடமே யாரும் திறந்து பார்ப்பதில்லை.

கம்பெனி_எச்ஆர்:
நான் பனியன் கம்பெனியில் எச்ஆர். புராஜெக்ட் என்று வருகிற பிள்ளைகள் எல்லாரும் "திருப்தியா இருக்கீங்களா, 1 முதல் 5 வரை மார்க் போடுங்க" என்றுதான் கேட்கிறார்கள், சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது யார் 2 போடுவார்? அதற்குப் பதில் மஸ்டர் ரோலை (ஊழியர் வருகைப் பதிவேடு) கேளுங்கள், பெயரை மறைத்துக் கொடுக்க நிறைய பேர் சம்மதிப்பார்கள். தீபாவளி போனஸ் வாங்கியதும் யார் வேலையை விட்டுப் போகிறார்கள், பவர் டேபிள் டெய்லர் முதலில் போகிறாரா ஹெல்பரா, ஹாஸ்டலில் தங்கியவரா உள்ளூர்க்காரரா, எல்லாம் அதில் இருக்கிறது.

உங்கள் இரண்டு பேப்பரும் ஒட்டுகிற இடமும் இதுதான் சார். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1964-லேயே சொன்னதுதான்: எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பயன்படுகிற தொழிலை ஒரு முதலாளி தன் காசில் கற்றுக்கொடுக்க மாட்டார், கற்றவர் பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடுவார் என்பதால் அந்தச் செலவு பழகுநரின் குறைந்த சம்பளமாக அவர் தலையிலேயே விழும். ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுவது அப்படிப்பட்ட தொழில். டேலன்ட் மேனேஜ்மென்ட் பாடத்தில் "ஊழியரைத் தக்கவையுங்கள்" என்று பத்து வழி போட்டிருப்பார்கள், ஏன் தக்கவைக்க முடியவில்லை என்பதற்கு அதில் பதில் இருக்காது.

நாலாவது_பெஞ்ச்:
எல்லாம் சரி. வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) வருகிற எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்) கேட்கும் முதல் கேள்வியே "ஹைபாதசிஸ் (கருதுகோள்) எங்கே, என்ன டெஸ்ட் போட்டாய்" என்பதுதான். கை ஸ்கொயர் இல்லை என்றால் மார்க் குறையும், அடி வாங்குவது பையன். 15 வார செமஸ்டரில் மஸ்டர் ரோலுக்கு அலைந்து எப்போது எழுதி முடிப்பான்? பெண் பிள்ளைகளைத் தனியாகக் கம்பெனிக்கு அனுப்ப எத்தனை வீட்டில் விடுவார்கள்?

கம்பெனி_எச்ஆர்:
கை ஸ்கொயர் வேண்டாம் என்று யார் சொன்னது? வேலையை விட்டுப் போனவர், தொடர்ந்து இருப்பவர் ஒரு பக்கம், ஹாஸ்டல், உள்ளூர் மறுபக்கம் என்று அட்டவணை போட்டால் அதுவே கை ஸ்கொயருக்கு ஏற்ற தரவு. எக்ஸ்டர்னலுக்கும் சந்தோஷம்.

ஆய்வு_மாணவி:
வெளியே போக முடியாதவர்களுக்கு பிஎல்எஃப்எஸ் இருக்கிறது. மத்திய அரசு 2017-ல் தொடங்கிய தொழிலாளர் கணக்கெடுப்பு, அதில் கணக்கெடுத்த ஒவ்வொரு ஆளின் விவரமும் பெயர் இல்லாமல் புள்ளியியல் அமைச்சகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஃபைலைத் திறப்பதற்குள் கண்ணைக் கட்டும், அதனால் முதல் தடவை நீங்கள் திறந்து, தமிழ்நாட்டு வரிசைகளை மட்டும் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். வெயிட் (கணக்கெடுத்த ஒருவர் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்ற எண்) போடாமல் சராசரி எடுக்கக் கூடாது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், என் ஜூனியர்கள் எல்லாரும் சறுக்குவது அங்கேதான். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் சாஃப்ட்வேரின் திருட்டு காப்பி தேடி அலையவும் வேண்டாம், அதே வேலைக்கான கிரெட்டல், ஆர் இரண்டும் இலவசம்.

காப்பி விஷயத்துக்கு ஒரு வழி: முந்தைய ஆய்வுகள் ஐந்தே போதும் என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கேள்வி என்ன, தரவு எங்கிருந்து, எதை நம்பவில்லை என்று வகுப்பில் கையால் எழுதச் சொல்லுங்கள். முப்பது ஆய்வுகளை வெட்டி ஒட்டுவதை விட அது கஷ்டம், அதனால் முதல் வாரம் திட்டுவார்கள்.

புது_லெக்சரர்:
மஸ்டர் ரோல், பிஎல்எஃப்எஸ் இரண்டையும் வைத்து இரண்டு குழுவாகப் பிரிக்கிறேன். எச்ஆர் சார், பெயரை மறைத்துத் தர வேண்டும் என்று கம்பெனிக்குக் கொடுக்கும் கடிதத்துக்கு மாதிரி ஏதாவது இருந்தால் இங்கே போடுங்கள்.