அல்சாஸுக்கு எந்த மாதம் போவது? திராட்சை அறுவடைக்கா, டிசம்பருக்கா?

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம். அக்கா கல்யாணமாகி ஆறு வருடமாகப் பிரான்ஸில் இருக்கிறாள். அத்தான் வீட்டார் காரைக்கால்காரர்கள், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். இருப்பது பாரிஸில் இல்லை, கிழக்கே ஜெர்மனி எல்லையை ஒட்டிய அல்சாஸ் பகுதியில், கொல்மார் என்ற ஊரில். ஊரைத் தாண்டினால் திராட்சைத் தோட்டம்தான், நம் பக்கம் வயல் கிடக்கிற மாதிரி மலையடிவாரம் முழுக்கக் கிடக்கிறது. வீடியோ காலில் காட்டுவாள்.

அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு மாதம் வந்து இருங்கள் என்று இரண்டு வருடமாகக் கேட்கிறாள். அப்பாவுக்கு ஊர் சுற்றுவதில் பெரிய ஆசை கிடையாது. ஆனால் அந்தத் தோட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து ஒரே கேள்வி: "அவங்களுக்கு அறுப்பு எப்போ? நமக்கு ஆடிப்பெருக்கு, பொங்கல்னு இருக்கிற மாதிரி அவங்க என்ன கொண்டாடுவாங்க?" அக்கா வேலை பார்ப்பது ஆபீஸில், அவளுக்கு இது முழுதாகத் தெரியவில்லை. டிசம்பரில் வாங்க, கிறிஸ்துமஸ் சந்தை ஜோராக இருக்கும் என்கிறாள்.

சிக்கல் எங்கள் பக்கத்தில்தான். ஒன்றரை வேலி நிலம், இரண்டு போகம். திராட்சை அறுவடை செப்டம்பர், அக்டோபர் என்று படித்தேன். அப்போதுதான் இங்கே குறுவை அறுப்பு, அது முடிந்த கையோடு தாளடி நடவு, அப்பா ஒரு நாள்கூட நகர மாட்டார். டிசம்பர் பாதியில் மார்கழி பிறந்துவிடும், அம்மா வாசல் கோலத்தை விட்டு வர மாட்டார். தாளடி அறுத்து, வைக்கோலை ஏற்றி, மாசிக் கடைசியில் ஓய்ந்தால், ஜூன் 12 மேட்டூர் திறக்கிறவரை கொஞ்சம் மூச்சு விடலாம். அந்த இடைவெளியில் போனால் அங்கே பார்க்க ஏதாவது இருக்குமா, இல்லை மொட்டைக் குச்சியைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டுமா? அம்மா சுத்த சைவம், முட்டையும் சேர்க்க மாட்டார். அப்பா குடிக்கிறவர் இல்லை. அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

குடந்தைக்காரன்:

தம்பி, நான் ஸ்த்ராஸ்பூரில் இரண்டு வருடம் படித்தேன், உங்கள் அக்கா ஊரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். முதலில் என் ஆசையைச் சொல்லிவிடுகிறேன்: எப்படியாவது ஒரு வருடம் நடவை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு அப்பாவை அறுவடைக்கு அழைத்துப் போங்கள். நெல் அறுக்கிறவருக்கு அந்த ஊரின் மற்ற எதையும்விட அதுதான் பிடிக்கும்.

அங்கே இன்னும் நிறையத் தோட்டங்களில் கையால்தான் குலை வெட்டுகிறார்கள். க்ரெமான் என்று நுரைக்கிற ஒயின் ஒன்று உண்டு, அதற்குக் கையால்தான் பறிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. காலையில் பனி ஈரத்தில் ஆளுக்கு ஒரு வாளி, ஒரு சின்னக் கத்தரி, வரிசைக்கு வரிசை எதிரும் புதிருமாக உட்கார்ந்து வெட்டிக்கொண்டே பேச்சு. ஆட்கள் கூடி நிற்கிற அந்த நேரம் அப்படியே நம் அறுப்புக் களம்தான். ஒரு சனிக்கிழமை நண்பன் வீட்டுத் தோட்டத்தில் நானும் வெட்டினேன், மாலையில் கை இரண்டும் பிசுபிசுவென்று ஒட்டியது.

அப்புறம் புது ஒயின். பிழிந்த சாறு புளிக்க ஆரம்பித்துச் சில நாட்களே ஆனது, கலங்கலாக, இனிப்பாக இருக்கும். 'புது இனிப்பு' என்றுதான் அவர்கள் மொழியில் அதற்குப் பெயர். பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் நிற்கிற பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலை இறுக மூடக்கூடாது, உள்ளே இன்னும் பொங்கிக்கொண்டிருக்கும், அதனால் மூடியைத் தளரவிட்டுத்தான் விற்பார்கள். டிராமில் மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வர வேண்டும், காதுக்குப் பக்கத்தில் வைத்தால் மெல்லிசாக நுரைக்கிற சத்தம் கேட்கும். அதற்குத் தொட்டுக்கொள்ள அந்த வருடத்துப் புது வால்நட்டும் ரொட்டியும். புது நெல், புதுப் பானை என்று நாம் சொல்வது போல எல்லாமே அந்த வருடத்துச் சரக்கு. சில வாரம்தான் கிடைக்கும், முழுதாகப் புளித்த பிறகு அது வேறு சங்கதி.

செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை ரிபோவில்லே என்ற ஊரில் வாத்தியக்காரர் திருவிழா. ஊர் ஊராகச் சுற்றும் இசைக்காரர்களுக்கு அந்த ஊர்ப் பிரபுதான் ஒரு காலத்தில் காவல். வருடத்துக்கு ஒருமுறை அவரிடம் வந்து கூடிய வழக்கம் இன்று ஊர்வலமாக நடக்கிறது. அன்றைக்கு ஊர் நடுவில் இருக்கும் நீரூற்றில் தண்ணீருக்குப் பதில் ஒயின் வரும். அக்டோபரில் பார் என்ற ஊரில் அறுவடைத் திருவிழா. மார்லன்ஹைமில் தொடங்கி, 'தான்' என்ற ஊர்வரை ஏறக்குறைய 170 கிலோமீட்டருக்கு ஒயின் சாலை போகிறது, 1953இல் அமைத்தது, கொல்மார் அதன் தெற்குப் பாதியில் இருக்கிறது.

டிசம்பர் வேண்டாம் என்பது என் கருத்து. கூட்டத்தில் அப்பா அம்மாவால் நிற்க முடியாது. திராட்சைக்கும் அந்தச் சந்தைக்கும் பெரிய சம்பந்தமும் இல்லை, சூடு பண்ணிய மசாலா ஒயின் விற்பார்கள், அவ்வளவுதான்.

அரசலாறு:

டிசம்பரை அப்படித் தள்ளிவிடாதீர்கள். நான் காரைக்கால். என் தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், சித்தப்பா குடும்பம் மூன்று தலைமுறையாக ஸ்த்ராஸ்பூரில். சந்தை 1570இலிருந்து நடக்கிறது, அதன் கூட்டத்தைப் பற்றி அண்ணன் சொன்னது சரிதான். ஆனால் பண்டிகை சந்தையில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. டிசம்பர் 6 செயின்ட் நிக்கோலஸ் நாள், அன்று காலை பேக்கரியில் மனலா என்று கையும் காலும் வைத்த பொம்மை ரொட்டி, பிள்ளைகள் பாலில் தொட்டுத் தின்னும். அந்த மாதம் முழுக்க வீட்டுப் பெண்கள் ப்ரெடலே என்று சின்னச் சின்ன பிஸ்கட் சுட்டுத் தகர டப்பாவில் அடுக்கி அக்கம்பக்கம் கொடுப்பார்கள். என் சித்தி தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம் கொடுத்துவிட்டு, டிசம்பரில் அதே பக்கத்து வீட்டிலிருந்து ப்ரெடலே டப்பா வாங்குவார். இதை வேறு மாதத்தில் பார்க்க முடியாது.

அந்த ஊரைப் புரிந்துகொள்ள எல்லைக் கதை தெரிய வேண்டும். 1871இல் ஜெர்மனி எடுத்துக்கொண்டது, 1918இல் பிரான்ஸ், 1940இல் மறுபடி ஜெர்மனி, போர் முடிகிற சமயத்தில் மறுபடி பிரான்ஸ். ஒரே வீட்டில் பிறந்த ஒரு கிழவிக்கு நான்கு முறை நாடு மாறியிருக்கிறது. அதனால்தான் ஊர்ப்பெயர், சாப்பாடு, திராட்சை எல்லாம் ஜெர்மன் சாயல்: ரீஸ்லிங், கெவுர்ட்ஸ்ட்ராமினர், சில்வானர். பாட்டிலும் ஒல்லியாக, உயரமாக. பிரான்ஸில் பெரும்பாலான இடங்களில் ஊர்ப்பெயரில் ஒயின் விற்கும், அல்சாஸில் திராட்சை ரகத்தின் பெயரில் விற்கும். விடுமுறைகூடத் தனி, டிசம்பர் 26உம் புனித வெள்ளியும் பிரான்ஸின் மற்ற பகுதிகளில் வேலை நாள், அங்கே லீவு, ஜெர்மன் காலத்தில் வந்த சட்டம் அப்படியே நிற்கிறது. காரைக்காலில் பிறந்தவனுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது. நாலு பக்கமும் தஞ்சாவூர்ச் சீமை, ஒரு பக்கம் கடல் தவிர, நடுவில் நாங்கள் மட்டும் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சம்பந்தம் பண்ணிக்கொண்டவர்களின் கதை எங்கள் வீட்டிலும் உண்டு.

எந்த மாதம் போனாலும் ஒன்றை விடாதீர்கள். ஸ்த்ராஸ்பூர் ஆஸ்பத்திரிக்கு அடியில் 1395இலிருந்து இருக்கிற ஒயின் நிலவறை. நோயாளிகளும் ஊர்க்காரர்களும் ஆஸ்பத்திரிக்குத் திராட்சை நிலத்தை எழுதி வைத்திருக்கிறார்கள், நம் பக்கம் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் எழுதி வைத்த மாதிரி. அங்கே 1472ஆம் வருடத்து வெள்ளை ஒயின் ஒரு பீப்பாய் இன்னும் இருக்கிறது. இத்தனை நூற்றாண்டில் மூன்று முறைதான் ஊற்றிக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். 1576இல் சூரிக்கிலிருந்து ஒரே நாளில் படகில் வந்தவர்களுக்கு ஒருமுறை. ஆபத்து என்றால் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்வோம் என்று காட்ட, ஊரில் காய்ச்சிய கஞ்சியை அண்டாவோடு கொண்டுவந்து சூடு ஆறும் முன் இறக்கினார்களாம். அடுத்தது 1718இல், எரிந்துபோன ஆஸ்பத்திரியைத் திரும்பக் கட்டத் தொடங்கியபோது. கடைசியாக 1944இல், நகரத்தை விடுவித்த ஜெனரல் லெக்லேருக்கு. 2015இல் பழைய பீப்பாய் கசிந்ததால் புதுப் பீப்பாய்க்கு மாற்றினார்கள். குடிக்காத உங்கள் அப்பாவும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார்.

கொடிக்கால்:

தம்பி கேட்டது மாசிக்கும் ஜூனுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. எங்களுக்குப் பாபநாசம் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால், நான் வேளாண்மை படித்தவள். மேல்படிப்புக்குப் போன இடத்திலிருந்து பார் ஊரில் ஒரு தோழி வீட்டில் ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசிவரை தங்கியிருந்தேன். அந்தக் காலத்தை மொட்டைக் குச்சி என்று சொன்னால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

மார்ச்சுக்குள் கவாத்து முடியும். கொடிக்கு ஒன்றோ இரண்டோ நீளக் குச்சியை மட்டும் விட்டு மற்றதை வெட்டி, விட்ட குச்சியை வில் மாதிரி வளைத்துக் கம்பியில் கட்டுவார்கள். மழை பெய்து ஈரம் இருக்கிற நாளில்தான் வளைப்பது, காய்ந்த நாளில் வளைத்தால் முறிந்துவிடும். பழைய ஆட்கள் இன்னும் வில்லோ மரத்தின் மெல்லிய விளாறால் கட்டுகிறார்கள். தோழியின் தாத்தா கட்டினதைப் பார்த்தேன், விளாறை இரண்டு விரலால் முறுக்கி, நுனியைச் சொருகி, ஒரு மூச்சில் அடுத்த கொடிக்குப் போய்விடுவார். நாங்கள் கொடியை அகத்தியோடு சேர்த்து வாழை நாரால் கட்டுகிற அதே கை. அவரிடம் என் போனில் எங்கள் கொடிக்கால் படத்தைக் காட்டினேன், மரத்தில் ஏறுகிற இலைக் கொடியா என்று வெகு நேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் மொட்டு வெடிக்கும், அப்போதுதான் பயமே. ராத்திரிப் பனி ஒரே நாள் உறைந்தால் தளிர் கருகிவிடும், 2017 ஏப்ரலில் அப்படி அடித்தது. தோட்டத்துக்குள் மெழுகுப் பந்தங்களை வரிசையாகக் கொளுத்தி வைத்து விடிய விடியக் காத்திருப்பவர்கள் உண்டு. மே 11, 12, 13 மூன்று நாளும் 'பனிப் புனிதர்கள்' நாள் என்பார்கள். அது கழிந்தால்தான் உறைபனி போயிற்று என்று கணக்கு, அதற்கு முன் தக்காளி நாற்றுகூட வெளியே வைக்க மாட்டார்கள். மே 25 செயின்ட் உர்பன் நாள், திராட்சை விவசாயிகளின் காவல் புனிதர் அவர். எங்கள் வீட்டில் ஐப்பசி அடைமழையில் கொடிக்காலுக்குத் தண்ணீர் வடிய வேண்டுமே என்று தூங்காமல் கிடப்போம், அந்த வீட்டில் மே மாதம் வானம் தெளிந்தால் தூக்கம் போகிறது.

ஈஸ்டர் பங்குனியிலோ சித்திரை முதலிலோ வரும். அன்றைக்கு லமலா என்று ஆட்டுக்குட்டி உருவத்தில் கேக், மேலே சர்க்கரைத் தூள். முட்டை போட்டது, அம்மா சாப்பிட முடியாது. ஆனால் அதைச் சுடுகிற மண் அச்சு சூஃப்ளன்ஹைம் என்ற குயவர் ஊரில் செய்வது, இரண்டு பாதியாகப் பிரிந்து கம்பியில் மாட்டிக்கொள்ளும். நான் ஒன்று வாங்கி வந்தேன், கொலு வைக்கும்போது அதுவும் படியில் இருக்கும்.

அம்மாவுக்கு அந்தப் பருவம்தான் சாப்பாட்டுக்கும் நல்லது. வெள்ளை ஆஸ்பரகஸ் தண்டு ஏப்ரலிலிருந்து ஜூன்வரை, நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் ஜாதிதான் அது. ஃப்ளாமகூஷ் என்று அப்பளம் மாதிரி மெல்லிய ரொட்டி, மாவில் முட்டை கிடையாது, மேலே பால் ஆடையும் வெங்காயமும். பன்றிக்கறித் துண்டு போடுவது வழக்கம், அது வேண்டாம் என்று சொன்னால் போடாமல் கொடுப்பார்கள். ரொட்டி சுடும் முன் அடுப்புச் சூட்டைப் பார்க்க மாவை மெல்லிசாக இழுத்து உள்ளே விட்டதில் வந்த பலகாரம்.

காவிரிப்படுகை:

சின்னச் சேதி ஒன்று. மாசியிலேயே கிளம்ப முடிந்தால் ஒஃப்வில்லர் என்ற கிராமத்தைப் பாருங்கள், ஸ்த்ராஸ்பூருக்கு வடக்கே. தவக்காலம் தொடங்கிய முதல் வார இறுதி ராத்திரி, பீச் மரத்தில் வெட்டிய வட்டத் தட்டுகளை நெருப்பில் கனிய வைத்து, நீளக் குச்சி நுனியில் செருகிச் சுழற்றி, சாய்வான பலகையில் ஓங்கித் தட்டுவார்கள். தட்டு குன்றிலிருந்து தீப்பொறி சிதறப் பறந்து போகும், குளிர் போகட்டும் என்று. நான் அதைப் பார்த்தபோது சின்ன வயதில் பனம்பூக் கரியைத் துணியில் கட்டி மாவளி சுற்றியதுதான் கண்ணில் நின்றது. பக்கத்தில் நின்ற பெரியவரிடம் சொல்லவும் முடியவில்லை, எனக்கு அவ்வளவு பிரெஞ்சு வராது.

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி உட்கார்ந்து முழுதும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாவளிக்கு மாசியில் கிளம்ப முடியாது, தாளடி களத்தில் கிடக்கும். கொடிக்கால் அக்கா சொன்ன பகுதியை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். "பனி அடிச்சா அவங்களுக்கு இன்சூரன்ஸ் வருமா, அதையும் கேளு" என்றார். சித்திரை பிறந்ததும் கிளம்பி, மே 25க்குப் பிறகு திரும்புவதாக முடிவு. ஜூன் 12க்கு முன் நாற்றங்காலுக்கு உழ வந்துவிடலாம். அறுவடை பார்க்க முடியாததில் எனக்குத்தான் வருத்தம், அப்பாவுக்கு இல்லை. அறுப்பு எந்த ஊரிலும் சந்தோஷமாகத்தான் இருக்கும், பயிர் பயந்து நிற்கிற நேரத்தில் போனால்தான் அவன் விவசாயம் தெரியும் என்கிறார். அம்மாவுக்கு மண் அச்சு வேண்டும். அக்கா, அந்தத் தோழியின் தாத்தா இப்போதும் தோட்டத்துக்கு வருகிறாரா?

கொடிக்கால்:

வருகிறார். கட்டுகிற வேலையை மகனிடம் கொடுத்துவிட்டார், மே மாதம் தளிர் கிள்ளும்போது வரிசை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தோழிக்கு எழுதிவிட்டேன், உங்களுக்குத் தனிச்செய்தியில் விவரம் அனுப்புகிறேன். பாரிலிருந்து கொல்மார் அரை மணி, முக்கால் மணி நேரம்தான். இன்சூரன்ஸ் கேள்வியை மகனிடம் கேட்கச் சொல்லுங்கள், அவர்தான் கட்டுகிறார். வரும்போது அப்பாவால் ஒரு கட்டு நெற்கதிர் கொண்டுவர முடியுமா என்று கேட்டார் தாத்தா. விமானத்தில் பயிர்ப் பொருள் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அதனால் தாளடி அறுக்கும்போது நல்லதாக நாலு படம் எடுத்து வையுங்கள், அச்சுப்போட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடுக்கலாம்.