பிரசவத்திற்குப் பின் அடியிறக்கம்: பயிற்சி போதுமா, கருப்பையை எடுக்க வேண்டுமா?

கேள்வி

வணக்கம். எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்து 11 வாரங்கள் ஆகின்றன. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம். குழந்தையின் எடை 3.9 கிலோ. ஆறாவது வாரத்தில் குளித்துக்கொண்டிருந்தபோது, பிறப்புறுப்பின் வாயிலில் மெத்தென்று ஏதோ விரலில் தட்டுப்பட்டது. கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், இளஞ்சிவப்பாக ஒரு சதை வாயிலை அடைத்துக்கொண்டு நின்றது. காலையில் அது இருப்பதே தெரிவதில்லை. மாலையானால் அடியில் ஒரு பந்தின் மேல் உட்கார்ந்திருப்பது போன்ற கனம்.

சிறுநீர்ப்பை யோனியின் முன்சுவரைத் தள்ளிக்கொண்டு இரண்டாம் நிலை வரை இறங்கியிருக்கிறது, கருப்பையும் சற்று இறங்கியிருக்கிறது என்று மருத்துவர் கூறி, கீகல் பயிற்சி (அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி) அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார். ஐந்து வாரங்களாகச் செய்தும் வேறுபாடு தெரியவில்லை. குழந்தையைத் தூக்கவே அஞ்சுகிறேன். கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையில் அப்படித்தானா?

பதில் 1

தோழி, நான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் அதே கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதவள்தான். நான் பிழைசெய்த இடத்தை மட்டும் சொல்கிறேன். இரண்டு மாதங்கள் விடாமல் பயிற்சி செய்த பிறகே இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் போனேன். அவர் உள்ளே விரல் வைத்து, "இப்போது இறுக்குங்கள்" என்றார். நான் முழு மூச்சாக இறுக்கினேன். அவரோ, "மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறீர்கள்" என்றார். சரிசெய்வதாக எண்ணிக்கொண்டு இரண்டு மாதங்களாக அந்தச் சதையை நானே வெளியே தள்ளியிருக்கிறேன்! வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல ஆசனவாயிலிருந்து தொடங்கி, முன்பக்கம் வரை உள்ளும் மேலுமாக இழுக்க வேண்டும். வயிறு புடைக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. இது எந்தத் தாளிலும் அச்சாகியிருக்கும். ஆனாலும் நான் செய்வது இழுப்பா முக்கலா என்பது, ஒருவர் தொட்டுச் சொல்லும்வரை எனக்கு விளங்கவில்லை.

பதில் 2

நான் இடுப்புத்தளச் (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியில் தாங்கும் தசைகள்) சிகிச்சையில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர். மேலே சொல்லப்பட்ட பிழை மிகப் பரவலானது; ஆகவே முதலில் அதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஐந்து வாரங்கள் போதாது. ஒன்றாம், இரண்டாம் நிலை இறக்கம் தொல்லை தந்தால், மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியைக் குறைந்தது 16 வாரங்கள் கொடுத்துப் பார்க்கலாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி (2019) கூறுகிறது. இரண்டாம் நிலை என்றால், இறங்கிய பகுதியின் முனை யோனி வாயிலில் உள்ள கன்னிச்சவ்வின் விளிம்பிலிருந்து, உள்ளேயோ வெளியேயோ, ஒரு சென்டிமீட்டர் தொலைவுக்குள் நிற்கிறது என்று பொருள். பெயரைக் கேட்டுத் தோன்றும் அளவுக்கு அது பயங்கரமானதன்று. பயிற்சி சதையை அப்படியே மேலே ஏற்றிவிடும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். ஆயுதப் பிரசவத்தில் இடுப்புத்தளத் தசை எலும்பிலிருந்து பிய்ந்துபோகவும் கூடும். அவ்வாறு பிய்ந்ததைப் பயிற்சியால் ஒட்டவைக்க முடியாது. எனினும் எஞ்சிய தசை வலுப்பெறும்போது கனமும் கீழே இழுக்கும் உணர்வும் பலருக்குக் கணிசமாகக் குறைகின்றன. பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து யோனிச் சுவர் மெலிந்திருப்பதால், பாலூட்டல் குறைந்த பின் தானாகவே தேறுபவர்களும் உண்டு.

குழந்தையைத் தூக்குவதை விட்டுவிடாதீர்கள். தூக்கும் முறையை மாற்றுங்கள். குழந்தையை உடலோடு ஒட்ட அணைத்துக்கொண்டு, அடித்தசையை மேலே இழுத்து, மூச்சை வெளியே விட்டபடி எழுந்திருங்கள். இருமலுக்கும் தும்மலுக்கும் முன்பும் இதே இழுப்புதான். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள். சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகாமல் போகும்.

உண்மையில், தூக்குவதைவிட மலச்சிக்கலைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். நாள்தோறும் முக்கினால், பயிற்சியின் பலன் அங்கேயே கரைந்துவிடும். மேற்கத்தியக் கழிப்பறையானால் பாதங்களை ஒரு சிறு முக்காலியில் வைத்து, முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி, முன்னால் சாய்ந்து உட்காருங்கள். மாலையில் கனம் கூடும்போது இடுப்பின் கீழ் தலையணை வைத்துக் கால்மணி நேரம் படுத்தால் போதும். அந்தக் கனம் நாளெல்லாம் நின்றதன் விளைவேயன்றி, இறக்கம் அன்றன்றைக்கு முற்றிக்கொண்டே போவதன் அடையாளம் அன்று.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இப்போது கவனித்துப் பார்த்தால், நானும் மூச்சை அடக்கி முக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. பெசரி என்று ஒன்று கேள்விப்பட்டேன். அது முதியவர்களுக்கு மட்டுமா? கருப்பையை எடுப்பது பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பதில் 3

பெசரிக்கு வயது வரம்பில்லை. சிலிக்கோன் வளையம் ஒன்றை உள்ளே வைத்து, இறங்கும் சுவரைத் தாங்கவிடுகிறார்கள். அளவு சரியாக அமைய இரண்டு மூன்று முறை மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கலாம். எனக்குப் பொருந்திய வளையத்தை நானே இரவில் எடுத்துக் கழுவி, காலையில் வைத்துக்கொள்கிறேன். அதிக நேரம் நிற்கும் நாட்களில் மட்டும் அணிபவர்களும் உண்டு. துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ இரத்தக்கசிவோ தோன்றினால் வளையத்தை எடுத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் அறவே பிரியாமல் போனால், வளையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றே போயாக வேண்டும்.

கருப்பையை எடுப்பது பற்றி: உங்களுக்கு முதன்மையாக இறங்கியிருப்பது சிறுநீர்ப்பை. கருப்பையை மட்டும் எடுத்தால் முன்சுவரின் தளர்ச்சி அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, எடுத்த பிறகு யோனியின் மேற்பகுதியே இறங்கிவருவதும் உண்டு. கருப்பையை வைத்துக்கொண்டே சுவரைத் தைத்துச் சரிசெய்யும் முறைகள் இருக்கின்றன. அவற்றையும் அடுத்த பிள்ளை வேண்டாம் என்று முடிவான பின்னரே பெரும்பாலும் செய்கிறார்கள், ஏனெனில் மீண்டும் ஒரு பிரசவம் அந்தத் தையலைக் குலைத்துவிடக்கூடும். பதினோராம் வாரத்தில் அந்த முடிவுக்கு எந்த அவசரமும் இல்லை. அடுத்த சந்திப்பில், பெசரி பொருத்திப் பார்க்கலாமா, இயன்முறை மருத்துவரிடம் அனுப்பமுடியுமா என்ற இரண்டையும் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.