பழைய நின்டெண்டோ: சிவப்பு விளக்கு மின்னுகிறது, கேம் வரமாட்டேன் என்கிறது

ராத்திரிப்பூனை:
சின்ன வயதில் கேட்டுக் கிடைக்காததை இப்போது செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டேன். முன்பக்க மூடியைத் திறந்து, கேசட்டை உள்ளே தள்ளி, கீழே அமுக்குகிற நின்டெண்டோ வீடியோ கேம் கன்சோல். அடியில் என்இஎஸ்-001 என்று போட்டிருக்கிறது.

பவரை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது, விநாடிக்கு ஒரு தடவை. திரையும் கூடவே மின்னுகிறது. மூன்று கேசட் இருக்கிறது, மூன்றிலும் இதே கதை. ஒரே ஒரு தடவை ஒரு கேமின் தலைப்பு வந்தது, அதுவும் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகக் கலைந்து. விற்றவர் போன வாரம்கூட ஓடியது என்கிறார். அடாப்டரா, போர்டே போய்விட்டதா? யாராவது சொல்லுங்கள்.

கட்டைவிரல்:
கேசட்டை எடுத்து நன்றாக ஊதிவிட்டுப் போடுங்கள். எங்கள் வீட்டில் அதுதான் ஒரே வைத்தியம். பத்தில் ஏழு தடவை ஓடும்.

சாலிடர்புகை:
தயவுசெய்து ஊதாதீர்கள். ஓடியது ஊதியதால் இல்லை, கேசட்டை வெளியே எடுத்துத் திரும்பச் சொருகியதால். அப்படிச் சொருகும்போது கன்சோலுக்குள் இருக்கிற சின்ன உலோகப் பின்கள் கேசட்டின் செம்புப் பட்டைகளை வேறு இடத்தில் தொடும், அவ்வளவுதான். வாயிலிருந்து போகிற ஈரம் செம்பில் தங்கி அரிக்கும்.

பூனை, விளக்கு மின்னுவது நல்ல சகுனம். கன்சோலுக்குள் ஒரு பூட்டு சிப் இருக்கிறது, ஒவ்வொரு கேசட்டுக்குள்ளும் அதற்கு ஒரு ஜோடி. பவர் போட்டதும் இரண்டும் பேசிக்கொள்ள வேண்டும். பேச்சு ஒத்துப்போகாவிட்டால் கன்சோல் தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டே இருக்கும். நீங்கள் பார்ப்பது அந்த ரீசெட்டைத்தான். விளக்கு நிலையாக எரிந்து திரை மட்டும் சாம்பலாக நின்றால் அது வேறு வழி: பூட்டு திறந்துவிட்டது, ஆனால் கேம் படிக்கப்படவில்லை. எழுத்து கலைந்து வந்ததே, அது படம் போகிற பின்களில் ஒன்றிரண்டு தொடாததால். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அழுக்குதான் முதல் சந்தேகம். போர்டை மறந்துவிடுங்கள். சீராக மின்னுகிற அளவுக்கு மின்சாரம் வருகிறது, அதனால் அடாப்டரையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். (அதோடு வந்த அசல் அடாப்டர் 9 வோல்ட் ஏசி தருவது. வேறு கன்சோலில் சொருகிப் பார்க்க வேண்டாம்.)

முதலில் கேசட். ஐசோப்ரோபைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல் இருப்பது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, செம்புப் பட்டைகளை நீளவாக்கில் தேயுங்கள். குச்சி வெள்ளையாகவே வெளியே வரும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், மேல்பூச்சு போய்விடும்.

அதற்கும் மசியவில்லையென்றால் கன்சோலைத் திறக்க வேண்டியதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடியில் உள்ள ஆறு திருகுகளைக் கழற்றுங்கள். உள்ளே தகர மூடி, கேசட் தட்டு, அதற்குப் பின்னால் 72 பின் கனெக்டர், அதாவது கேசட் போய்ச் சொருகுகிற துண்டு. அது போர்டின் விளிம்பில் வெறுமனே சொருகித்தான் இருக்கும், இழுத்தால் வரும். போர்டு விளிம்பையும் ஆல்கஹாலில் துடையுங்கள். கனெக்டரை மட்டும் கொதிக்கிற தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது. புது கனெக்டர் வாங்கும் அவசரம் வேண்டாம். அவற்றில் சில கேசட்டை முதலை மாதிரி கவ்விக்கொள்ளும்.

ராத்திரிப்பூனை:
இரண்டு நாள் ஆனது, மன்னிக்கவும். முதல் கேசட்டுக்கே ஒன்பது குச்சி. கண்மை தொட்ட மாதிரி கறுப்பு! ஆனாலும் மின்னியது. அப்புறம் திறந்தேன், கனெக்டரை வேகவைத்தேன். வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

இன்று காலை சொருகினேன். இரண்டு கேம் சுத்தமாக ஓடுகிறது! மூன்றாவது மட்டும் அதே மின்னல். அதையும் மூன்று தடவை துடைத்துவிட்டேன், பட்டையெல்லாம் பளபளவென்று இருக்கிறது.

சாலிடர்புகை:
மூன்று கேசட்டின் லேபிளிலும் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும், என்இஎஸ் என்று தொடங்கும். கடைசி மூன்று எழுத்து என்ன?

ராத்திரிப்பூனை:
ஓடுகிற இரண்டிலும் யுஎஸ்ஏ. ஓடாததில் இஇசி.

சாலிடர்புகை:
சரி, ஆள் அகப்பட்டான். அது ஐரோப்பிய கேசட், உங்கள் கன்சோல் அமெரிக்காவுக்குச் செய்தது. பூட்டு சிப் ஊருக்கு ஊர் வேறு. எவ்வளவு துடைத்தாலும் இரண்டும் பேசாது. கேசட் கெட்டுப்போகவில்லை.

சிப்பின் 4ஆவது காலை போர்டிலிருந்து தூக்கிவிட்டால் பூட்டு செயலிழக்கும், பலர் செய்கிறார்கள். 1993இல் வந்த, மேலே சொருகுகிற மாடலில் இந்தப் பூட்டே கிடையாது. ஆனால் ஒன்று: ஐரோப்பிய கேம் 50 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு 50 தடவை திரை மாறுவதற்கு) எழுதியது, உங்கள் பெட்டி 60இல் ஓடும். பாட்டும் ஆட்டமும் துரத்தினாற்போல் வேகமாகப் போகலாம். ஒரு கேசட்டுக்காக நானாக இருந்தால் சாலிடர் துப்பாக்கியை எடுக்கமாட்டேன்.

ராத்திரிப்பூனை:
நானும் எடுக்கப்போவதில்லை. விற்றவரிடம் கேட்டு அமெரிக்கக் கேசட்டாக மாற்றிக்கொள்கிறேன். ரொம்ப நன்றி அண்ணா. இரண்டு மணி நேரமாக முதல் லெவலிலேயே செத்துக்கொண்டிருக்கிறேன்.

கட்டைவிரல்:
பரணிலிருந்து என் பழைய கேசட்டை இறக்கிப் பார்த்தேன். பட்டை முழுக்கப் பச்சை பூத்திருக்கிறது. அந்த ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்றீர்கள்?