உயர்தரம் நவம்பரில, ஏர்லி டிசிசனும் நவம்பரில: அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கொலிஜுக்கு எப்பிடிப் போடுறது?

கோப்பாய்ப்பிள்ளை:
தமிழ் மூலம், கணிதப் பிரிவு. சாதாரண தரத்தில 9 ஏ. இந்த நவம்பரில உயர்தரம். ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், பொமோனா, ஸ்வாத்மோர் எண்ட நாலு லிபரல் ஆர்ட்ஸ் கொலிஜுக்கும் (பல துறையளையும் சேர்த்துப் படிக்கிற சின்ன இளமாணிக் கொலிஜுகள்) போட யோசனை. அப்பா கடை வச்சிருக்கிறார், வருசத்துக்கு 6, 7 இலட்சத்துக்கு மேல தரேலாது. ஏர்லி டிசிசன் (எடுத்தால் கட்டாயம் போகோணும் எண்ட முந்தின சுற்று) போட்டால் வாய்ப்புக் கூடுமோ? பெறுபேறு வராமலே போடலாமோ? எஸ்ஏடி (அமெரிக்கக் கொலிஜ் நுழைவுச் சோதனை) கட்டாயமோ?

தட்டிவான்:
தங்கச்சி, கேட்ட மூண்டையும் விட அந்த 6, 7 இலட்சம்தான் பெரிய விசயம். இந்தக் கொலிஜுகளில ஒரு வருசச் செலவு, அறை சாப்பாட்டோட, 90,000 டொலர் அளவில நிக்குது. டொலரை 300 ரூபா எண்டு பிடிச்சால் 2 கோடி 70 இலட்சம். ஆக, நீங்கள் கேக்கிறது கிட்டத்தட்ட முழுக் காசும்.

உங்கட பட்டியலில, வெளிநாட்டுப் பிள்ளை காசு கேக்கிறதைத் தெரிவில பார்க்காத இடம் ஆம்ஹர்ஸ்ட் ஒண்டுதான். போடின் எண்ட கொலிஜும் அப்பிடி, அதையும் சேருங்கோ. மற்ற மூண்டும் எடுத்த பிள்ளைக்குத் தேவையான முழுக் காசும் தரும். ஆனா எடுக்கிறதோ விடுகிறதோ எண்டு முடிவெடுக்கேக்க, இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு போகும் எண்டு பாப்பினம். அதுக்காக ஆம்ஹர்ஸ்ட் லேசு எண்டு நினைக்காதேங்கோ. காசு பார்க்காத இடம் எண்டுதான் உலகம் முழுக்க அங்க வந்து விழுது. இந்த இடங்கள் ஒண்டிலயும் நூறு பேரில பத்துப் பேருக்கு மேல எடுபடுறது அருமை, வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு அதிலும் குறைவு. மக்கலெஸ்டர் மாதிரி, முழுத் தேவையும் குடுக்கிற ஆனா நெரிசல் கொஞ்சம் குறைஞ்ச இடங்களையும் கட்டாயம் வையுங்கோ. கொமன் அப்பில (பல கொலிஜுக்கும் ஒரே இடத்தில போடுற இணைய விண்ணப்பம்) 20 கொலிஜ் வரை போடலாம்.

"காசு வேண்டாம் எண்டு போட்டு உள்ள போ, பிறகு கேள்" எண்டு ஆரும் சொன்னால் கேளாதேங்கோ. பல இடங்களில வெளிநாட்டுப் பிள்ளை விண்ணப்பிக்கேக்க கேக்காட்டி நாலு வருசமும் கேக்கேலாது.

பனையடி:
ஏர்லி டிசிசன் ஒரு இடத்துக்குத்தான் போடலாம். எடுத்தால் போயே ஆகோணும், தாற காசு போதாட்டி மட்டும் விலகலாம். காசைக் கணக்கில எடுக்கிற இடங்களில இது கொஞ்சம் உதவும், ஏனெண்டால் வெளிநாட்டுக்கு ஒதுக்கின பணம் அப்ப இன்னும் குறையேல்ல. பிரச்சினை திகதிதான். முதல் சுற்று நவம்பர் 1 அல்லது 15, உங்களுக்குச் சோதனைக் காலம். இணைந்த கணிதத்தையும் கட்டுரையையும் ஒரே கிழமையில எழுதப் போனால் ரெண்டும் பழுதாகும். பொமோனா, ஸ்வாத்மோர், போடின் மூண்டிலும் ஜனவரி முதல் நாட்களில இரண்டாம் சுற்று இருக்கு. ஆம்ஹர்ஸ்டிலயும் வில்லியம்ஸிலயும் இல்லை, அங்க வழமைச் சுற்றில போடுங்கோ.

பெறுபேறு வராமலும் போடலாம். அவையின்ர வழமைச் சுற்று முடிவு மார்ச் கடைசியில வரும், மே 1க்குள்ள பதில் சொல்லோணும். எங்கட பெறுபேறு பெரும்பாலும் ஏப்ரல் அளவில. அதால சாதாரண தரமும் 9ஆம் வகுப்பிலிருந்து தவணைப் புள்ளியளும்தான் அவையின்ர கையில இருக்கும். பள்ளிக்கூடத்தில பழைய தவணைப் புள்ளிப் பதிவை இப்பவே தேடச் சொல்லுங்கோ, டிசம்பரில அலுவலகம் பூட்டு.

இல்லாட்டி பெறுபேற்றோட அடுத்த வருசம் போடலாம். அந்த இடைவெளியில இங்க பல்கலைக்கழகத்தில பதிஞ்சு படிக்கத் தொடங்கினால் பல கொலிஜுகள் உங்களை மாற்று மாணவர் (வேற பல்கலைக்கழகத்தில இருந்து மாறி வாறவர்) எண்டுதான் பாப்பினம். மாற்று மாணவருக்கு, அதுவும் வெளிநாட்டவருக்கு, காசு மிகக் குறைவு.

எஸ்ஏடி இந்த நாலிலும் இப்ப கட்டாயமோ எண்டு ஒவ்வொரு கொலிஜின்ர பக்கத்திலயும் இந்த வருசத்து விதியைப் பாருங்கோ. போடின் 1969 தொடக்கம் கட்டாயமாக் கேக்கிறேல்ல. 1600 புள்ளியில 1450க்குக் கீழ வந்தால் அனுப்பாமல் விடுறது நல்லம் எண்டது என்ர கருத்து. தமிழ் மூலம் படிச்சதால ஆங்கிலச் சோதனைப் புள்ளி பெரும்பாலும் கேப்பினம். டுவோலிங்கோ எண்ட இணைய ஆங்கிலச் சோதனையை வீட்டில இருந்தே செய்யலாம், ஆனா நடுவில கரண்ட் நிண்டாலோ அறைக்குள்ள ஆரும் வந்தாலோ அந்தச் சோதனை செல்லாமல் போகும்.

கோப்பாய்ப்பிள்ளை:
நன்றி அண்ணா, அக்கா. அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு இல்லையே, வருமானத்தை எப்பிடிக் காட்டுறது? சிபாரிசுக் கடிதம் ரியூசன் சேரிட்ட வாங்கலாமோ?

தட்டிவான்:
குடும்ப வருமானம் காட்டிக் காசுதவி கேக்கிற இணையப் படிவம் சிஎஸ்எஸ் புரொபைல், அது ஒக்டோபர் 1இல திறக்கும். முதல் கொலிஜுக்கு 25 டொலர், பிறகு ஒவ்வொண்டுக்கும் 16. கட்டேலாட்டி கொலிஜுக்கு ஈமெயில் போட்டு விலக்குக் குறியீடு கேளுங்கோ, கேட்டால் குடுக்கிற இடங்கள் இருக்கு. ரூபாயிலதான் நிரப்போணும். எங்கட ஆக்கள் விடுற பிழை, மாத வருமானத்தை வருச இடத்தில போடுறது, இல்லாட்டி ரூபாயை டொலர் எண்டு போடுறது. கடை வருமானத்துக்கு கிராம சேவகரிட்ட சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில மேலொப்பம் வாங்கி, ஆங்கிலத்துக்குச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுங்கோ. கனடாவில மாமா காசு அனுப்பிறார் எண்டால் அதையும் எழுதோணும். வங்கிக் கூற்றில தெரியிற காசு படிவத்தில இல்லாட்டி சந்தேகம் வரும்.

பனையடி:
ரியூசன் சேரின்ர கடிதம் மேலதிகக் கடிதமா மட்டும் போகும். ரெண்டு ஆசிரியர் கடிதம், ஒரு அதிபர் அறிக்கை, மூண்டும் பள்ளிக்கூடத்தில இருந்து வரோணும். இங்க உயர்தரத்தில பாதி நாள் பள்ளிக்கூடம் போகாமல் ரியூசனில நிக்கிறதால ஆசிரியருக்குப் பிள்ளையைத் தெரியாது, "நல்ல ஒழுக்கமான மாணவி" எண்டு ரெண்டு வரியில முடியும். நீங்கள் கேட்ட கேள்வி, செய்த ஒப்படை எண்டு ஒரு பக்கம் எழுதிக் குடுங்கோ, எழுதிறதுக்கு அவைக்கு ஏதும் வேணும்தானே. ஆசிரியர் தமிழில எழுதினால் ஆங்கில ரீச்சர் மொழிபெயர்க்கலாம், நீங்கள் மொழிபெயர்க்கக் கூடாது. ஆசிரியர் பேரில நீங்களே ஈமெயில் திறந்து அனுப்பிறது மோசடி, பிடிபட்டால் விண்ணப்பமே போச்சு. கடிதத்தை வாசிக்கிற உரிமையை விடுகிறன் எண்ட பெட்டியை கொமன் அப்பில ஆசிரியருக்கு அழைப்பு அனுப்ப முதல் நிரப்போணும், பிறகு மாத்தேலாது.

கொமன் அப்பில செயற்பாடுகள் பத்துவரை போடலாம், ஒண்டுக்கு 150 எழுத்து. கடையில நிக்கிறதும் தம்பி தங்கச்சியைப் பாக்கிறதும் கணக்கில வரும், அதுக்கெண்டே தனித் தலைப்பு இருக்கு. 650 சொல் கட்டுரையில அம்மா அப்பா பட்ட இடம்பெயர்வை உங்கட அனுபவம் மாதிரி எழுதாதேங்கோ. நீங்கள் பிறந்த வருசமும் அந்தப் படிவத்தில இருக்கு.