அலுவலக உதவியாளர்களுக்கு எப்படி நன்றி தெரிவிப்பது?

கேள்வி:
எங்கள் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகத் தட்டச்சு, தபால் பதிவு, கோப்புப் பராமரிப்பு ஆகியவற்றைக் கவனித்துவரும் அம்மையார் ஒருவருக்கும், ஒப்பந்த முறையில் பணிபுரியும் உதவியாளர் இருவருக்கும் நன்றி தெரிவிக்க விரும்புகிறோம். ஆயுத பூசையன்று பொரியும் இனிப்பும் கொடுப்பது வழக்கம்தான். அதற்கு மேல் என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டு செயலாளர்களுக்கென ஒரு வாரம் தொடங்கப்பட்டது. இன்று ஏப்ரல் மாதத்தின் கடைசி முழு வாரத்துப் புதன்கிழமை நிர்வாகப் பணியாளர் நாளாக அங்கே கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த நாளில் பாராட்டுக் கடிதம் கொடுக்கலாம்.

மறுமொழி 2:
கடிதம் நல்லதுதான், ஆனால் பொதுவான புகழுரை போதாது. தணிக்கையின்போது பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கோப்பை அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார் என்பதுபோல, நடந்ததைக் குறிப்பிட்டு எழுதி, அதன் நகலை அவருடைய பணிப்பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தப் பணியாளர்களை விட்டுவிடாதீர்கள். நாங்கள் குழுப் படம் எடுத்துக்கொண்ட அன்று, அவர்களைத் தேநீர் வாங்க அனுப்பியிருந்தோம் என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. அவ்விருவருக்கும் ஊதியம் தாமதமாகவே வருகிறது என்பதால், முதலில் ஒப்பந்ததாரரிடம் அதைப் பற்றிப் பேசப்போகிறோம்.